ஸுலி சொன்ன சொல்

நுகுவோரோ தீவில் அவள் பிறந்தபோது வைத்த பெயர் ஸுலி. தாய்க்கிழங்கை ஒட்டி முளைக்கும் சேம்புக் கன்றை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஒரு பெண் போதும் என்று இருந்த வீட்டில் இரண்டாவதாக வந்து பிறந்ததால், பாதி கேலியாகவும் பாதி பிரியமாகவும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகிக் காப்பிங்காமராங்கியில் கால் வைத்த அன்றே அது ஹுலியாகிவிட்டது. இரண்டு தீவுகளின் பேச்சும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். ஆனால் நுகுவோரோக்காரர்கள் 'ஸ' போடும் இடத்தில் காப்பிங்காக்காரர்களின் நாக்கு 'ஹ' என்றுதான் புரளும். அவர்கள் பேச்சில் ஹுலி என்றால் கவிழ்வது.

கப்பலிலிருந்து சிறு படகுக்கு மாறி, அதிலிருந்து தொடையளவு தண்ணீரில் இறங்கி, தலையில் பாய்ச்சுருளோடு நடந்து வந்த புதுப் பெண்ணைக் கரையில் நின்று பெயர் கேட்டவள் அவள் கணவன் ஹாருவோவின் அக்கா பெலினா.

"பேரு என்ன புள்ள?"

"ஸுலி."

"என்னது?"

"ஸுலி, மதினி."

பெலினா பக்கத்தில் நின்றவர்கள் பக்கம் திரும்பினாள். "கடலுக்குப் போற வீட்டுக்குப் பாத்துப் பாத்துப் பொண்ணு எடுத்திருக்கான் என் தம்பி. பேரே கவுந்து போறது."

எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று சரியாகப் பிடிபடாததால் ஸுலியும் சேர்ந்து சிரித்தாள். அன்று மாலை ஹாருவோ அதை விளக்கிச் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது. இனி இந்த ஊரில் எத்தனை வருஷம் இருந்தாலும் 'ஸ'வை விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

அவள் பிடிவாதக்காரி. தேங்காய் எண்ணும்போது ஒன்பதுக்கு 'ஸிவா' என்பாள். சுற்றி இருக்கும் பெண்கள் 'ஹிவா' என்று திருத்துவார்கள். அடுத்த குவியலிலும் அவள் 'ஸிவா' என்றுதான் எண்ணுவாள். ஒரே முற்றத்தில் இரண்டு வீடுகள், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சேம்புக் குழிகள் என்பதால் பெலினாவின் வாயிலிருந்து தப்பவும் வழியில்லை.

"ஈர மட்டையை அடுப்புல வச்ச மாதிரி என்னடி எப்பப் பாத்தாலும் ஸ்ஸ்னு இருக்க?" என்பாள் பெலினா, இடுப்பளவு சேற்றில் நின்றபடி.

"உங்களுக்கு மூச்சு வாங்குது மதினி. அதான் எல்லாம் ஹ ஹனு வருது" என்பாள் ஸுலி.

குழிக்குள் களை பறிக்கும் மற்ற பெண்கள் இதற்காகவே அவர்கள் இருவரும் வரும் நேரம் பார்த்து வந்தார்கள்.

பெலினாவின் கணவன் தோபியா பெரிய உடம்புக்காரன். கோபம் வராது. அவனுக்குத் தெரிந்த இரண்டு வேலைகளில் ஒன்று சூரை மீன் பிடிப்பது, மற்றொன்று தூங்குவது. பகல் சாப்பாடு முடிந்தால் எந்த நிழலிலும் சாய்ந்துவிடுவான். ஊர்ச் சபைக் கூட்டத்தில் தூங்குவான், தேவாலயத்தில் தூங்குவான். ஒரு முறை மைத்துனனின் கல்யாணச் சாப்பாட்டிலேயே வாயில் சீமைப்பலாத் துண்டோடு தூங்கிப்போனான் என்று ஊரில் சொல்வார்கள். ஹாருவோவும் அவனும் ஒரு படகில்தான் கடலுக்குப் போவார்கள். ஹாருவோ துடிப்பு, தோபியா நிதானம். கூட்டு சரியாக இருந்தது.

ஸுலிக்குப் பிள்ளைகள் இரண்டு, பெலினாவுக்கு நான்கு. பிள்ளைகள் எந்த வீட்டில் சாப்பிட்டார்கள், எந்த வீட்டில் படுத்தார்கள் என்பதை யாரும் பார்க்கவில்லை. ஸுலியின் பிள்ளைகள் அத்தையைப் போலவே 'ஹ' பேசினார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்கு முன் பொன்பெய்த் தீவில், கொலோனியா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் அவள் சில வருஷங்கள் வேலை பார்த்தவள். அங்கேதான், காப்பிங்காக்காரர்கள் குடியிருக்கும் பொரகியெத்தில் மரச்சுறா செதுக்கிக்கொண்டிருந்த ஹாருவோவைப் பார்த்தாள். அந்த வருஷங்களில் பொன்பெய் பேச்சு அவளுக்கு நன்றாக வந்துவிட்டது. ஆங்கிலமும் ஓரளவு வந்தது. காப்பிங்காவின் சபைக் குடிசையில் ரேடியோ வைத்தபோது, அதில் உட்காரப் பொன்பெய் பேச்சு தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. சபைத் தலைவர் அவளைக் கூப்பிட்டார்.

"வெளியூர்க்காரி வாயில நம்ம ஊர்ச் சேதியா?" என்றாள் பெலினா.

"நீ உக்காரு அப்ப" என்றார் தலைவர். பெலினாவுக்குப் பொன்பெய் பேச்சில் கடையில் அரிசி கேட்கத்தான் தெரியும். பேசாமல் போய்விட்டாள்.

அதன்பிறகு காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, தென்னையில் கட்டிய கம்பிக்குக் கீழே ஸுலி உட்கார்ந்தாள். கப்பல் எப்போது கிளம்பும், அதில் எத்தனை மூட்டை அரிசி வருகிறது, யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருக்குச் சர்க்கரை ஏறிக் காலை எடுத்தார்கள் என்று எல்லாச் சேதியும் அவள் வாய் வழியாகத்தான் தீவுக்குள் வந்தது. ரகசியம் என்று எதுவும் இல்லை. குடிசை வாசலில் எப்போதும் பத்துப் பேர் இருப்பார்கள். அந்த அலையில் நுகுவோரோவும் கேட்டுக்கொண்டிருக்கும். அங்கிருந்து அவள் அண்ணன் ஒரு நாள் குறுக்கே புகுந்து, "யாரது பேசுறது? காப்பிங்காக்காரி மாதிரி இருக்கே" என்று கேலி செய்தான். அன்று முழுக்க அவள் யாருடனும் பேசவில்லை.

எண்பதுகளின் நடுவில், சூரை மீன் தீவைச் சுற்றிய பவளப் பாருக்கு வெளியே கூட்டமாக வந்த ஒரு காலையில், ஹாருவோவும் தோபியாவும் படகை இறக்கினார்கள். மற்றப் படகுகளும் போயின. நடுப்பகலில் மழை இறங்கிக் கடல் மறைந்தது. மழை விட்டபோது மற்றப் படகுகள் திரும்பியிருந்தன. அவர்கள் படகு மட்டும் இல்லை. கடைசியாகப் பார்த்தவன், என்ஜின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு ஹாருவோ குனிந்திருந்தான் என்றும், தோபியா கையைத் தூக்கிக் காட்டினான் என்றும், ஏதோ மீன் மாட்டியிருக்கிறது என்று தான் நினைத்ததாகவும் சொன்னான்.

படகுகள் தேடின. ஸுலி ரேடியோவில் உட்கார்ந்து பொன்பெய்க்குச் சொன்னாள். படகின் நிறம், நீளம், என்ஜின், உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று வரிசையாகச் சொன்னாள். அந்தப் பக்கத்து ஆள் காணாமல் போனவர்களின் பெயரைக் கேட்டான். சொன்னாள். உறவு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான்.

"ஒருத்தருக்கு நான் பெண்சாதி" என்றாள். "இன்னொருத்தர் பெண்சாதி என் பக்கத்துல நிக்கிறாங்க. ஓவர்."

அமெரிக்க விமானம் ஒன்று வந்து தீவைச் சுற்றிவிட்டுக் கிழக்கே போனது. நீரோட்டம் அந்த மாதத்தில் தெற்கே இழுக்கும் என்று வயதானவர்கள் சொன்னதை ஸுலி அப்படியே பொன்பெய்க்குச் சொன்னாள். விமானம் தெற்கேயும் போய் வந்தது. பிறகு வரவில்லை. தேவாலயத்தில் தினமும் ஜெபம் நடந்தது. அந்த வாரங்களில் பெலினா அவளைச் சீண்டவே இல்லை. இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். ஒருத்தி பானையைக் கிளறினால் மற்றவள் விறகைத் தள்ளினாள். "கஞ்சியாவது குடி புள்ள" என்பாள் பெலினா. "நீங்க குடிங்க மதினி, நானும் குடிக்கிறேன்" என்பாள் ஸுலி.

ஊர் மெல்ல நம்பிக்கையை விட்ட பிறகு, ஒரு காலையில் பொன்பெய்யுடன் பேசி முடித்து ரேடியோவை அணைக்கப் போனபோது, இரைச்சலுக்கு நடுவே ஒரு கிழவரின் குரல் கேட்டது. "காப்பிங்கா, காப்பிங்கா" என்று அந்தக் குரல் கூப்பிட்டது.

தெற்கே, பாப்புவாப் பக்கத்துக் கடலில், தங்கள் பேச்சைப் போன்ற பேச்சு பேசும் சின்னத் தீவுகள் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை. அப்படி ஒரு தீவின் மருந்தகத்து ரேடியோவிலிருந்து அந்தக் கிழவர் பேசினார். பெயர் அவோ. படகு ஒன்று தங்கள் பாரில் வந்து மோதியதாகச் சொன்னார். ஹாருவோ என்று ஒருவன், தன் பெண்டாட்டி இந்த அலையில்தான் பேசுவாள் என்று சொல்லிக் கூப்பிடச் சொன்னதாகச் சொன்னார்.

குடிசைக்குள் ஆட்கள் நெருக்கியடித்தார்கள். கிழவரின் பேச்சு பழையதாக இருந்தது. வார்த்தைகள் தெரிந்தவை போலவும் இருந்தன, இல்லாதவை போலவும் இருந்தன. பாதி வார்த்தையில் காப்பிங்காக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஸுலிக்கு அவ்வளவு சிரமம் இல்லை. கிழவர் 'ஸ' போட்டுப் பேசினார். நுகுவோரோவில் அவள் சின்ன வயதில் கேட்ட பேச்சின் சாயல் அதில் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள். இத்தனை வருஷமாகத் தன் நாக்கைக் கேலி செய்த ஊர், இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு அதே நாக்கைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அது நன்றாகத்தான் இருந்தது.

"ஹாருவோ உயிரோட இருக்காரு. உதடெல்லாம் வெந்து போச்சாம், சரியாப் பேச முடியலையாம். இளநீர் குடிக்கிறாராம்."

"தோபியா?" என்றாள் பெலினா.

ஸுலி கேட்டாள். கிழவர் பதில் சொன்னார். அதில் 'மோயே' என்று ஒரு சொல் வந்தது. பெரிய மரத்தின் கீழே, எங்கள் ஆட்களோடு, என்றும் சொன்னார். பிறகு இரைச்சல் குரலை விழுங்கிவிட்டது.

"மோயேன்னா என்ன?" என்று யாரோ கேட்டார்கள்.

நுகுவோரோவில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைக் காட்டி எந்தத் தாயும் சொல்கிற சொல் அது. காப்பிங்காவில் அதற்கு வேறு சொல். ஸுலி யோசிக்கவே இல்லை.

"தூங்குறாராம்" என்றாள். "பெரிய மரத்தடியில, அந்த ஊரு ஆளுங்களோட படுத்துத் தூங்குறாராம்."

குடிசை வெடித்துச் சிரித்தது. தோபியாவைத் தெரிந்த யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. பெலினா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"கடல்ல இவ்வளவு நாள் கிடந்தும் அந்த ஆளுக்குத் தூக்கம் தீரல பாரு. மச்சினன் வாய் வெந்து கிடக்கான், இவரு மரத்தடியில குறட்டை. வரட்டும், வரட்டும்."

அன்று பெலினா தன் பன்றிகளில் பெரியதை அறுத்தாள். கற்களைச் சுட்டு இலை மூடி வேகவைத்து, வீடு வீடாகக் கொடுத்தனுப்பினாள். ஸுலிக்கு நல்ல துண்டாகப் பார்த்து அவளே கொண்டுவந்து கொடுத்தாள். "உன் சீறலுக்கும் ஒரு பிரயோஜனம் இருக்குடி" என்றாள்.

மறுநாள் காலை ரேடியோக் குடிசைக்கு ஊரே வந்தது. கணவனோடு பேசப் பெலினா நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தலையில் எண்ணெய் தடவி, ஸுலிக்குப் பக்கத்தில் பெட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை ஹாருவோவின் குரலே வந்தது. உதடு ஒட்டாமல் கொழகொழவென்று பேசினான்.

"ஹுலி, அக்கா எப்படி இருக்கா? பாத்துக்கோ. தனியா விடாதே."

"ஏன்? நல்லாத்தான் இருக்காங்க. இதோ பக்கத்துல" என்றாள் ஸுலி.



"நேத்தே அவோ சொன்னாரே" என்றான் ஹாருவோ.

"என்ன சொன்னாரு?"

"அத்தான் போயிட்டதை. கரைக்கு வந்து ரெண்டாம் நாளே போயிட்டாரு. இவங்க இடுகாட்டுல, இவங்க ஆளுங்களோடதான் வச்சிருக்கோம். நேத்தே சொன்னாரே. ஓவர்."

ஸுலி மைக்கைப் பிடித்தபடி இருந்தாள். ஓவர் என்று அவன் இன்னொரு தடவை சொன்னான். யாரும் அழவில்லை. பெலினா எழுந்தாள். பெட்டியை நகர்த்தி ஓரமாக வைத்தாள். பிறகுதான் ஸுலியைப் பார்த்தாள்.

"நேத்து என்னைப் பன்னி அறுக்க வச்சுட்டியே" என்றாள்.

அவ்வளவுதான். வெளியே போய்விட்டாள். அவள் வீட்டை எட்டிய பிறகுதான் ஓலம் கேட்டது.

உடல் இல்லாத துக்கம் நடந்தது. தோபியாவின் பாயை நடுவில் விரித்து, அதைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். ஸுலியும் போய் உட்கார்ந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. பெலினா அவள் பக்கம் திரும்பவும் இல்லை. துக்கம் முடிந்த பிறகும் திரும்பவில்லை.

ஹாருவோ பாப்புவாப் பக்கத்து ராபவுல் துறைமுகம் வழியாக, பிறகு விமானத்தில் குவாம் வழியாகப் பொன்பெய் வந்து, அங்கே கப்பலுக்குக் காத்திருந்து, பல மாதம் கழித்து வீடு சேர்ந்தான். ஆள் பாதியாகியிருந்தான். உதட்டில் வெள்ளைத் தழும்பு. அந்தத் தீவின் சொற்கள் அவன் பேச்சில் புகுந்திருந்தன. ஆண்கள் கூடும் வீட்டில் அவன் வாய் திறந்தால், "இந்தா, பாப்புவாக்காரன் வந்துட்டான்" என்று சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வீட்டுக்குள் ஸுலி சிரிக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்.

"மோயேன்னா அங்க என்ன?"

"செத்தவங்களைச் சொல்றது. செத்துப்போனான்னு அங்க மனுஷங்களைச் சொல்ல மாட்டாங்க. மீனு, நாயி இதுங்களுக்குத்தான் அந்தச் சொல்லு. மனுஷன்னா மோயே. மரியாதையாச் சொல்றதாம்."

"அப்ப நிஜமாத் தூங்குறவனை?"

அவன் சொன்னான். அது அவள் கேட்டே இராத சொல். அவள் அதைத் தனக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

ஹாருவோ அக்காவிடம் போய்ப் பேசிப் பார்த்தான். "அந்தச் சொல்லு அங்க அப்படிக்கா. இவ ஊருல வேற மாதிரி. இவ என்ன செய்வா?"

பெலினா தாழை ஓலையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "சொல்லைப் பத்தி எனக்கு என்ன தெரியும். தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லணும். சொன்னாளா?"

"தெரியும்னு நினைச்சிட்டா."

"அதான்" என்றாள் பெலினா.

ஹாருவோ அதை வந்து ஸுலியிடம் மறைக்காமல் சொன்னான். தன் பக்கத்து நியாயம் என்று எதையும் அவள் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. சபைத் தலைவரிடம் போய், ரேடியோவுக்கு வேறு ஆள் பாருங்கள் என்றாள். வேறு ஆள் இல்லை. உட்காரத்தான் வேண்டியிருந்தது.

ஆனால் ரேடியோவில் அவள் பேச்சு மாறிவிட்டது. சந்தேகமான ஒரு சொல் வந்தாலும், "இது எனக்குத் தெரியல. வேற மாதிரி சொல்லுங்க" என்பாள். பொன்பெய் ஆபீஸ்காரர்கள் எரிச்சல்பட்டார்கள். கப்பல் தாமதம் என்று சொன்னால், "தாமதம்னா வருமா, வராதா?" என்று கேட்பாள். யாரோ ஒருத்தரின் மருமகள் உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சேதி வந்தால், "மூச்சு இருக்கா? கண்ணால பாத்தீங்களா? யாரு பாத்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் வெளியே சொல்வாள். "இந்தப் பொம்பள ஒரு சேதி சொல்றதுக்குள்ள கப்பலே வந்துரும்" என்று வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

சேம்புக் குழிகள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. இரண்டு பெண்களும் அதே நேரத்துக்குத்தான் வந்தார்கள், ஏனென்றால் வெயிலும் நிழலும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பேச்சு இல்லை. வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் வேறு நேரம் மாற்றிக்கொண்டார்கள். பிள்ளைகள் முன்போலவே இரண்டு வீட்டிலும் சாப்பிட்டார்கள். பெலினா வீட்டில் சமைத்தது ஸுலிக்கும் வரும், பிள்ளைகள் கையில். ஸுலி வீட்டு மீன் அங்கே போகும். ஈர மட்டை என்று யாராவது திட்டமாட்டார்களா என்று ஸுலிக்குத் தோன்றிய நாட்கள் உண்டு. ஹாருவோவிடம் ஒரு தடவை அதைச் சொன்னாள். அவன் நம்பவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. பெலினாவின் மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசினார்கள். கல்யாணத்துக்கு முன் பெண்ணைத் தகப்பன் கல்லறைக்குக் கூட்டிப்போய், அதில் வெள்ளைக் கூழாங்கல் போட்டு வருவது வழக்கம். இங்கே கல்லறை இல்லை. பெலினா சில நாட்கள் அதைப் பற்றி யாரிடமும் பேசாமல் இருந்தாள். பிறகு ஒரு காலையில், பொன்பெய் பேச்சு முடிந்து ஆட்கள் கலைந்த நேரமாகப் பார்த்து, குடிசைக்குள் வந்து பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஸுலியைப் பார்க்காமல் ரேடியோப் பெட்டியைப் பார்த்துப் பேசினாள்.

"அந்தக் கிழவர் இருக்காரான்னு கேக்கணும்."

ஸுலி கூப்பிட்டாள். அன்று கிடைக்கவில்லை. அடுத்த நாளும் பெலினா வந்தாள். கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை ஒரு பெண்குரல் பதில் சொன்னது. அவோவின் தங்கை, பெயர் நாஹேயா. அவோவைப் பற்றி ஸுலி கேட்டாள். நாஹேயா சொன்ன பதிலில் அந்தச் சொல் இருந்தது.

பெலினா நிமிர்ந்தாள். "என்ன சொல்றா?"

"மோயேன்னு சொல்றாங்க" என்றாள் ஸுலி. "இருங்க மதினி. கேக்குறேன்." மைக்கை அழுத்தினாள். "மோயேன்னா உயிரோட தூங்குறாரா, மண்ணுக்குள்ள இருக்காரா?"

அந்தப் பெண்ணிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். "மண்ணுக்குள்ள" என்றாள் நாஹேயா. "போன மழைக்காலத்துல."

"அவரு செத்துட்டாரு" என்று ஸுலி பெலினாவிடம் சொன்னாள்.

பெலினா தலையை ஆட்டினாள். மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அன்னிக்கும் இப்படிக் கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"கேட்டிருக்கலாம்."

"ஏன் கேக்கல?"

ஸுலி மைக்கைக் கீழே வைத்தாள். "தெரியும்னு இருந்துச்சு. எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அது நல்லா இருந்துச்சு மதினி."

மன்னித்தேன் என்று பெலினா எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. ரேடியோவைக் கையால் காட்டினாள். "கல்லறையில புல்லு முளைச்சிருக்கான்னு கேளு."

ஸுலி கேட்டாள். புல் இல்லை, நாங்கள் பெருக்குகிறோம், எங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, என்றாள் நாஹேயா. மகளுக்குக் கல்யாணம், அவள் பேரில் ஒரு கை வெள்ளைக் கூழாங்கல் போட முடியுமா என்று பெலினா கேட்கச் சொன்னாள். போடுகிறோம் என்று பதில் வந்தது. இடையில் நாஹேயா ஏதோ ஒரு சொல் சொன்னாள். ஸுலி அது தெரியவில்லை என்றாள். நாஹேயா வேறு விதமாகச் சொன்னாள். அதுவும் தெரியவில்லை. மூன்று பேருமாக அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினார்கள். கடைசியில் அது கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் மஞ்சள் என்று தெரிந்தபோது பெலினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மஞ்சளுக்கா இவ்வளவு நேரம்?" என்றாள். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அவள் ஸுலியின் முன்னால் சிரித்தது அன்றுதான்.

அதன்பிறகு பெலினா அடிக்கடி வந்தாள். முதலில் கல்லறையைப் பற்றி மட்டும் பேசினாள். பிறகு அங்கே என்ன மீன், சேம்பு எப்படி நடுகிறார்கள், நாஹேயாவின் முழங்கால் வலிக்கு என்ன இலை கட்டினாள் என்று பேச்சு நீண்டது. நாளடைவில் ஸுலியின் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பெலினா மைக்கை வாங்கி நேராகவே பேச ஆரம்பித்தாள். காப்பிங்கா, நாஹேயாவின் பேச்சு, நடுவில் ஸுலியிடமிருந்து எடுத்த நுகுவோரோ எல்லாம் கலந்து அவள் பேசுவதைக் கேட்க வாசலில் ஆட்கள் சேர்ந்தார்கள்.

"பெலினா, இது எந்த ஊருப் பேச்சு?" என்று சபைத் தலைவரே கேட்டார்.

"உனக்குப் புரியாத ஊரு" என்றாள் அவள்.

ஒரு தடவை நாஹேயா கேட்ட ஏதோ கேள்விக்குப் பெலினா தப்பான சொல்லைச் சொல்ல, அந்தப் பக்கத்தில் ஒரு கூட்டமே சிரிப்பது ரேடியோவில் கேட்டது. பெலினா மைக்கைக் கீழே வைத்துவிட்டு, "என்னடி சொல்லிட்டேன்?" என்று ஸுலியைக் கேட்டாள். "எனக்குத் தெரியல மதினி, நீங்களே கேளுங்க" என்றாள் ஸுலி. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கேட்டதில், பெலினா தனக்கு இன்னொரு புருஷன் வேண்டும் என்று சொல்லியிருந்தாளாம்.

ஹாருவோ ஒரு காய்ச்சலில் இறந்த பிறகு, ஸுலியின் அண்ணன் அவளை நுகுவோரோவுக்கு வந்துவிடச் சொன்னான். பிள்ளைகள் இருவரும் பொன்பெய்யில் குடியேறியிருந்தார்கள். அவள் ரேடியோவைப் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினாள். நுகுவோரோவில் அண்ணன் வீட்டில் நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அவள் பேசினால் அங்கே உள்ளவர்கள் சிரித்தார்கள். 'ஸ'வைக் கடைசிவரை விடவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்; அது மட்டும்தான் விடாமல் இருந்தது, மற்றதெல்லாம் காப்பிங்காவாகியிருந்தது. அண்ணன் பேத்திகள் அவளை நடித்துக்காட்டினார்கள். அவளுக்கு அதில் கோபம் வரவில்லை. இந்தக் கேலி அவளுக்குப் பழகிய கேலிதான்.

அங்கே அவளுக்கென்று கொடுத்த சேம்புக் குழியில் தண்ணீர் நிற்கவில்லை. ஒரு நாள் காப்பிங்காவிலிருந்து பெலினா ரேடியோவில் கூப்பிட்டாள். இரண்டு தீவும் கேட்க, ஸுலியின் குழியில் களை மண்டிவிட்டது, அது தன் குழிக்குள் வேர் ஓட்டுகிறது, இவ்வளவு வயதில் இரண்டு குழிக்கும் தான் ஒருத்தியே களை பறிக்க வேண்டுமா என்று கத்தினாள்.

"ஆளை வச்சுப் பறிங்க" என்றாள் ஸுலி.

"யாரு வருவா? வந்து உன் களையை நீயே பறி. ஓவர்."

"யோசிக்கிறேன்."

"யோசிக்கிறேன்னா வருவியா, வரமாட்டியா?"

அண்ணன் பக்கத்தில் நின்று சிரித்தான். அடுத்த கப்பலில் ஸுலி திரும்பினாள். அண்ணன் கொடுத்த இரண்டு கூடைக் கிழங்கும், கப்பல்காரர்களிடம் வாங்கிய ஒரு பெட்டி டின் மீனும் கொண்டுவந்தாள். பெலினா கரைக்கு வரவில்லை, முழங்கால் வலி. முற்றத்தில் உட்கார்ந்திருந்தவள் டின் மீனைப் பார்த்துவிட்டு, கடலுக்கு நடுவில் இருந்துகொண்டு எவளாவது டின் மீன் வாங்குவாளா என்று கேட்டாள். உங்களுக்கு வாங்கவில்லை என்றாள் ஸுலி. அன்று மத்தியானம் இரண்டு பேரும் அதில் ஒன்றைத் திறந்து சோற்றோடு சாப்பிட்டார்கள்.

குழியில் பெலினா சொன்ன அளவுக்குக் களை இல்லை. ஸுலி இறங்கி, இருந்த களையைப் பறித்தாள். அவளுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. கண் ஒன்று மங்கல். காலையில் குழிக்குப் போகிறாள், வெயில் ஏறினால் ஏறி வந்துவிடுகிறாள்.